கமலாபுரமும் தேவனஹள்ளியும்

என் சிற்றப்பா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள், ஓமலூரையடுத்த எங்கள் ஊரில் அவனுடைய தந்தையார் இரவில் காலமானார் என்ற செய்தி விடியற்காலையில் அவனுக்கு எட்டியது. கிடைத்த முதல் விமானத்தில் ஏறினான். நான்கரை மணி நேரத்தில் கடலைக் கடந்து, பிற்பகல் இரண்டு மணியளவில் பெங்களூர்த் தேவனஹள்ளியில் வந்து இறங்கினான். வாயிலில் நான் காரோடு காத்திருந்தேன்.

அதன் பிறகுதான் உண்மையான பயணம் தொடங்கிற்று. ஹெப்பாள் மேம்பாலத்தில் ஒரு மணி நேரம். நகரத்தின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு ஊர்ந்து, சில்க் போர்டையும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் கடந்து அத்திப்பள்ளி எல்லையை எட்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் எனச் சாலை நீண்டது. ஊரிலிருந்து இருமுறை தொலைபேசி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது, மழை கட்டிக்கொண்டு வருவதால் இனியும் காத்திருக்க இயலவில்லை, எடுத்துவிட்டோம் என்றார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை.

தொப்பூர் தாண்டி ஓமலூர் வருமுன், வண்டி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை தெரிந்தது. சேலம் விமான நிலையம் என்று எழுதி அம்புக்குறி இட்டிருந்தது.

"அண்ணா, நம் ஊருக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே, இதற்கு ஏன் விமானம் வருவதில்லை?" என்றான்.

அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் அதைத் தேடிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்முள் பாதிப் பேருக்குச் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வயது முதிர்ந்த பெற்றோர் இருக்கின்றனர். மறு பாதியில் பலருக்கு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மக்கள் இருக்கின்றனர். ஆகையால் இது நம் வீட்டுச் செய்தியே.

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூர் வட்டம் கமலாபுரத்தில் இருக்கிறது. பெங்களூர் விமான நிலையமும் பெங்களூரில் இல்லை, தேவனஹள்ளியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்ற ஒரே சாலைதான். காகம் பறக்கும் வழியில் அளந்தால் இரண்டுக்கும் இடையே 160 கிலோமீட்டர் அளவே தேறும். ஒன்றில் 2024–25-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 19 இலட்சம் பேர் ஏறி இறங்கினர். மற்றொன்றிலோ, 70 இருக்கைகள் உள்ள ஒரு விமானம் நாள் தவறாமல் நிறைய வந்து நிறையப் போனாலும் ஆண்டுக்கு 51,000 பேர்தான் ஆவர். தேவனஹள்ளியில் அத்தனை பேரும் அரை நாளைக்குள் வந்து போய்விடுவார்கள். அண்டைவீட்டார் இருவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இவ்வளவு பெரிது.

கமலாபுரத்து நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் வந்த சேவை நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் பின் ஆண்டுக்கணக்கில் ஓடுபாதை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. 2009 நவம்பரில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் விட்டது. அந்நிறுவனம் 2012 அக்டோபரில் அடியோடு பறப்பதை நிறுத்தியது. சேலத்துச் சேவை அதற்கு முன்பே நின்றுபோயிற்று. மீண்டும் மௌனம். 2018 மார்ச் 25-ஆம் நாள், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவரான அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி முன்னிலையில் மூன்றாம் முறையாகக் கதவு திறந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்கு விமானம் விட்டது. அதுவும் 2021-இல் நின்றது. 2022 பிப்ரவரியில் அந்நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. என் தம்பி அந்தப் பலகையைக் கண்டது இந்த மூன்றாம் மௌனத்தின்போதுதான்.

ஒரு நிலையம் மும்முறை திறந்து மும்முறை அடங்குவதற்கு, விமானம் விட்டவர்களின் கைத்திறன் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் வணிகரை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, துணி, எஃகு எனப் பல தொழில்கள் உள்ள ஊர் அது. இரவு ரயிலில் படுத்தால் காலையில் சென்னையில் கண் விழிக்கலாம். பகல் முழுதும் வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பலாம். விடுதிச் செலவு இல்லை. விமானமோ பகலில் ஒரு முறை வந்து, அரை மணிக்குள் திரும்பிப் போய்விடும். அதில் சென்னைக்குப் போனவர் அன்றே திரும்ப வழியில்லை. ஐம்பது நிமிடத்தில் பறந்துபோய், ஒரு நாள் தங்கி, மறுநாள் பறந்து வருவதை வணிகர் வேகம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரு முறை வந்தால்தான் அது ரயிலை வெல்லும். ஆனால் இரு முறை விட அத்தனை பயணிகள் இல்லை. இரு முறை விடாதவரை அத்தனை பயணிகள் சேரவும் மாட்டார்கள். பெண் பார்த்த பிறகுதான் வேலை, வேலை கிடைத்த பிறகுதான் பெண் என்று நம் வீடுகளில் நடக்கும் இழுபறி போன்றது இது.

இந்த முடிச்சை அவிழ்க்கவே மத்திய அரசு 2016-இல் 'உடான்' என்ற திட்டத்தை வகுத்தது. நாட்டின் எளிய குடிமகனும் பறக்கட்டும் என்பது அப்பெயரின் கருத்து. திட்டத்தின் அமைப்பு எளியதே. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ பாதி இருக்கைகளை 2,500 ரூபாய் அளவான கட்டணத்துக்குள் விற்க வேண்டும். அதனால் விழும் இடைவெளியை மானியமாக மூன்றாண்டுகளுக்கு ஈடு செய்வார்கள். அந்த மூன்றாண்டுகளும் அவ்வழியில் வேறு எவரும் திட்டத்தின் கீழ்ப் போட்டிக்கு வரக் கூடாது. இறங்கு கட்டணமும் நிறுத்து கட்டணமும் இல்லை. எரிபொருளுக்கு மாநில அரசு 1 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி வாங்கக் கூடாது. மானியப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய வழிகளில் பறக்கும் விமானங்களின்மேல் விதிக்கும் ஒரு சிறு தீர்வையிலிருந்தே பெரும்பகுதி வருகிறது. பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் கமலாபுரத்துக்குக் காலணாக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

நல்ல திட்டந்தான். ஆனால் மூன்றாண்டுகள் முடிந்ததும் என்ன ஆகிறது? இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2023-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை கூறுகிறது. திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் 774 வழிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் 112 மட்டுமே மூன்றாண்டுகளை நிறைவு செய்தன. மானியம் நின்ற பின்னும் 2023 மார்ச்சு வரை உயிரோடு இருந்தவை 54. ட்ரூஜெட்டின் சேலம் சேவை 2018 மார்ச்சில் தொடங்கி, மூன்றாண்டு முடிந்த 2021-இல் நின்றதை இக்கணக்கோடு வைத்துப் பார்த்தால் வியப்பில்லை. நடுவில் கொள்ளைநோய்க் காலமும் வந்து சேர்ந்தது.

இனி அண்டைவீட்டுப் பெரியவரைப் பார்ப்போம்.

அல்சூரிலும் மர்பி டவுனிலும் வளர்ந்தவர்களுக்கு விமான நிலையம் என்றால் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை ஒட்டிய பழைய நிலையந்தான். 1940 இறுதியில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு அத்தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம் சங்கத்தில் இன்றும் உண்டு. அரை மணியில் ஆட்டோவில் போய்ச் சேரலாம். மொட்டைமாடியில் நின்றால் விமானத்தின் வயிற்றைக் காணலாம். ஏர் டெக்கான் நிறுவனத்தை 2003-இல் கேப்டன் கோபிநாத் இந்த ஊரில்தான் தொடங்கினார்; சிறு ஊர்களுக்குச் சுழல்விசிறி விமானங்களை மலிவாக விட்டுக் காட்டினார். ஹாசன் மாவட்டத்துக் கோரூர்க்காரரான அவருடைய கதையைத் தழுவியே 2020-இல் 'சூரரைப் போற்று' என்ற படம் வந்தது. அதில் கதாநாயகன் மதுரைப் பக்கத்துத் தமிழனாகிவிட்டான். நம்மவர்கள் மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். கோரூர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

பழைய நிலையத்தில் அதன் கடைசி ஆண்டில் ஏறத்தாழ 1 கோடிப் பயணிகள் நெருக்கியடித்தனர். புதிய நிலையம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்குப் பணம் போட முன்வந்தவர்கள் தனியார். ஜெர்மனியின் சீமென்ஸ், சுவிட்சர்லாந்தின் ஜூரிக் விமான நிலையம், இந்தியாவின் லார்சன் அண்ட் டூப்ரோ ஆகிய மூவர் பெரும்பங்கினை எடுத்தனர். மத்திய, மாநில அரசுகளின் நிறுவனங்கள் பக்கத்துக்கு 13 சதவீதம் வைத்துக்கொண்டன. பணம் போடுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: நாங்கள் இங்கே கட்டிய பிறகு, நீங்கள் அடுத்த தெருவில் இன்னொன்றைத் திறந்தால் எங்கள் கடனை யார் அடைப்பது?

அதற்கு 2004 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் விடை எழுதப்பட்டது. புதிய நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் வரை, வான்வழித் தொலைவில் 150 கிலோமீட்டருக்குள், புதிதாகவோ பழையதை உயர்த்தியோ மற்றொரு பன்னாட்டு விமான நிலையத்தை மத்திய அரசு அனுமதிக்கக் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பழைய நிலையத்தையும் பொதுப் பயணிகளுக்கு மூடிவிட வேண்டும். 2008 மார்ச்சில் விமான நிலைய ஊழியர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். பயனில்லை. 2008 மே 24-ஆம் நாள் தேவனஹள்ளி திறந்தது. பழைய நிலையம் அன்றே அடங்கிற்று. அல்சூரிலிருந்து அரை மணியில் போனவர்கள் நாற்பது கிலோமீட்டர் வடக்கே போகத் தொடங்கினர். 25 ஆண்டுக் கணக்கு 2033 மே மாதம்தான் முடிகிறது.

சேலத்து விமானம் நின்றதற்கு இந்த 150 கிலோமீட்டர் விதிதான் காரணம் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. முன்னே சொன்னபடி கமலாபுரம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. உள்நாட்டு விமானம் விட அவ்விதி எவரையும் தடுத்ததில்லை. விதி உண்மையில் யாரைத் தடுக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விதியின் விலக்குப் பெற்ற மைசூர் என்ன ஆயிற்று என்று பார்த்தாலே இது விளங்கும். மண்டகள்ளியில் உள்ள அந்நிலையம் புதுப்பிக்கப்பெற்று 2010 மே மாதம் திறந்தது. அக்டோபரில் கிங்ஃபிஷர் வந்தது. மறு ஆண்டு நவம்பரில் போயிற்று. 2013-இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, அதுவும் போயிற்று. 2017-இல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. 2019-இல் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்குப் பறந்தது. அதன் ஓடுபாதை 1,740 மீட்டர். நீட்டலாமென்றால் ஒரு பக்கம் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. 2023 மார்ச்சில் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்த பின், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒன்றரை மணியில் காரில் போகலாம் என்றாகிவிட்டது. சட்டம் கைவிடாத ஊரையும் சாலை கைவிட வைக்கிறது.

ஆகவே பெரிய நிலையம் சிறியதை விதியால் அழிப்பதைவிட, தன் கால அட்டவணையால் வெல்வதே மிகுதி. தேவனஹள்ளியில் எந்த நேரத்துக்குப் போனாலும் எங்கோ போக ஒரு விமானம் நிற்கும். கட்டணத்தில் போட்டி உண்டு. ஒன்று தவறினால் மற்றொன்று உண்டு. கமலாபுரத்தில் ஒன்று தவறினால் நாளைதான், அல்லது நாளை மறுநாள்தான். கையில் மூட்டையும் மனத்தில் அவசரமும் உள்ள மனிதன் எங்கே போவான்? சேலத்தைச் சுற்றிப் பெங்களூர் மட்டுமின்றிக் கோயம்புத்தூரும் திருச்சியும் பன்னாட்டு நிலையங்களாக நிற்கின்றன. சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்கள் அந்த மூன்றில் ஒன்றுக்குப் பஸ் ஏறிப் பழகிவிட்டார்கள்.

இந்த நிலையில், 2023 அக்டோபரில் நான்காம் முறையாகக் கமலாபுரம் திறந்தபோது ஒரு புதுமை நிகழ்ந்தது. முன் மூன்று முறையும் விமானம் சென்னையைப் பார்த்தது. இம்முறை அது பெங்களூரையும் பார்த்தது. அக்டோபர் 16-ஆம் நாள், ஏர் இந்தியா டாட்டாவிடம் சென்ற பிறகும் அரசின் கையிலேயே தங்கிவிட்ட அலையன்ஸ் ஏர், பெங்களூர்–சேலம்–கொச்சி எனப் பறந்தது. அம்மாத இறுதியில் இண்டிகோ சென்னைக்கும், பெங்களூர் வழியிலும் ஹைதராபாத் வழியிலும் தொடங்கிற்று. கிழமையில் சில நாட்களே என்றாலும், கொள்கையளவில் பெரிய மாற்றம் இது.

முதலில் கேட்டபோது நானே சிரித்தேன். சேலத்திலிருந்து பெங்களூருக்கு விமானமா? கார் நான்கு மணியில் வந்துவிடும். 2023 டிசம்பர் 30-ஆம் நாள் தொடங்கிய கோவை–பெங்களூர் வந்தே பாரத் ரயில், ஈரோடு, சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக வந்து, நம் கண்டோன்மென்ட் நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. அப்படியிருக்க, ஒரு மணி நேரம் பறந்து தேவனஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஊருக்குள் ஊர்ந்து வர யார் பணம் கொடுப்பார்?

அங்கேதான் என் எண்ணம் பிழைத்தது. அந்த விமானம் பெங்களூருக்கு வருகிறவர்களுக்காக விட்டதன்று. பெங்களூர் விமான நிலையத்துக்கு வருகிறவர்களுக்காக விட்டது. டெல்லிக்கோ, துபாய்க்கோ, சிங்கப்பூருக்கோ போகிறவன் கமலாபுரத்தில் பெட்டியை ஒப்படைத்து, தேவனஹள்ளியில் ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி, ஊர் எல்லையை மிதிக்காமலே போய்விடலாம். நகர நெரிசல் அவனுக்கு இல்லை. இவ்வகையில் பெரிய நிலையம் சிறியதற்குப் போட்டியாளன் அன்று. ஆறு எப்படி வாய்க்காலுக்குப் போட்டியில்லையோ அப்படி. சேலத்திலிருந்து டெல்லிக்கு நேர் விமானம் விட நாளுக்கு 180 பேர் வேண்டும், கிடைக்கமாட்டார்கள். ஆனால் டெல்லிக்கு 8 பேர், மும்பைக்கு 10 பேர், புனேக்கு 5 பேர், வளைகுடாவுக்கு 12 பேர் எனத் திரட்டினால் ஒரு சிறு விமானம் நிறைந்துவிடும். எண்கள் உவமைக்காகச் சொன்னவை, முறை அதுதான்.

இதற்கு ஏற்ற விமானம் ஏ.டி.ஆர். எனப்படும் சுழல்விசிறி விமானம். எழுபது முதல் எண்பது வரை இருக்கைகள். குறுகிய தொலைவில் எரிபொருள் குறைவாகக் குடிக்கும். கமலாபுரத்தில் உள்ள 1,800 மீட்டர் ஓடுபாதை அதற்குப் போதும். 80-க்குக் குறைந்த இருக்கைகள் உடைய விமானங்களுக்கு இந்தியாவில் இறங்கு கட்டண விலக்கும் உண்டு. ஆனால் பெரிய நிலையத்தின் பார்வையில் ஒரு குறை இருக்கிறது. ஓடுபாதையில் இறங்கும்போது 70 பேர் கொண்ட விமானமும் ஏறத்தாழ அதே நேரத்தை எடுத்துக்கொள்கிறது. 180 பேர் கொண்டதும் அதே நேரத்தை எடுத்துக்கொள்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லோரும் இறங்கத் துடிக்கும் வேளையில் சிறியதற்கு யார் இடம் கொடுப்பார்? அதனால் சிறு விமானம் நண்பகலுக்குத் தள்ளப்படுகிறது. நண்பகலில் வந்தவன் இரவு விமானத்துக்குப் பல மணி நேரம் காத்திருக்கிறான். தேவனஹள்ளியில் 2019 டிசம்பரில் இரண்டாம் ஓடுபாதை வந்ததை நான் முக்கியமாக எண்ணுவது இதனால்தான். 2022 நவம்பர் 11-ஆம் நாள் திறந்த இரண்டாம் முனையத்தின் மூங்கில் வேலைப்பாட்டையும் தொங்கும் தோட்டத்தையும் எல்லோரும் படமெடுக்கிறார்கள். சேலத்துக்காரனுக்கு வேண்டியது அந்த ஓடுபாதையில் காலை எட்டு மணிக்கு ஒரு மூன்று நிமிட இடம்.

இனி அந்த விதி உண்மையில் தடுக்கும் ஊருக்கு வருவோம். அது ஓசூர்.

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா என்னும் தனியார் நிறுவனத்தின் ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது. நீளம் சுமார் 7,000 அடி. அதாவது கமலாபுரத்தைவிட நீளமானது. உடான் திட்டத்தில் அங்கிருந்து விமானம் விடலாம் என்ற பேச்சு எழுந்தது. பெங்களூர் நிலையத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இருப்பதால் 2033 வரை ஓசூருக்கு இடமில்லை என்று 2022-இல் மத்திய அமைச்சர் மாநிலங்களவையில் விடையளித்தார். எனினும் 2024 ஜூன் 27-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில், அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைத் தாங்கும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். கருநாடக அரசும் சும்மா இருக்கவில்லை. பெங்களூருக்கு இரண்டாம் விமான நிலையம் என்று கனகபுரா சாலைப் பக்கமும் நெலமங்கலப் பக்கமும் இடங்களைக் காட்ட, 2025 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் குழு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கமலாபுரம் தேவனஹள்ளிக்கு வாய்க்கால். ஓசூரோ உண்மையான போட்டியாளன். எலெக்ட்ரானிக் சிட்டியிலும், பொம்மசந்திராவிலும், ஜிகணியிலும் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, நகரம் முழுவதையும் கடந்து தேவனஹள்ளிக்குப் போவதைவிட ஓசூருக்குப் போவது எளிது. எல்லைக்கு அப்பால் ஒரு நிலையம் எழுந்தால், எல்லைக்கு இப்பால் உள்ளவர்கள்தாம் அதன் பயணிகளாக இருப்பார்கள்.

மலேசியாவில் உறவினர் உள்ள அன்பர்களுக்கு இது புதிதன்று. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜொகூரில் செனாய் விமான நிலையம் 1974-இல் திறந்தது. சாங்கியின் நிழலில் அது பெரிதாக வளரவில்லை, ஆனாலும் சாகவில்லை. கோத்தா கினபாலுவுக்கும் பினாங்குக்கும் மலிவாகப் போக விரும்பும் சிங்கப்பூர்க்காரர்களே பாலம் கடந்து செனாய்க்கு வந்து ஏறுகிறார்கள். பெரியவர் செய்ய விரும்பாத வேலையைச் சிறியவர் செய்து பிழைக்கிறார். இந்தியாவில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. பெங்களூரில் 150 கிலோமீட்டர் வேலிக்குள் பங்குதாரராக இருந்த அதே ஜூரிக் நிறுவனம், 2019-இல் டெல்லி நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் உட்பட்ட ஜேவரில் புதிய நிலையம் கட்டும் உரிமையை ஏலத்தில் வென்றது. வேலிக்குள் இருப்பவன் வேலியைப் புகழ்வான். வெளியே இருந்தால் அதையே இகழ்வான்.

நிலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட மனமில்லை. கமலாபுரத்து ஓடுபாதையை நீட்டிப் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கச் செய்ய, கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் சுமார் 570 ஏக்கர் கேட்கப்பட்டது. 2018-இல் உழவர்கள் திரண்டு எதிர்த்தனர். முதல் நிலையத்துக்கு ஒரு முறை நிலம் கொடுத்து, அதில் ஆண்டுக்கணக்கில் விமானமே வராததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். மீண்டும் கேட்டால் அவர்கள் தயங்குவதில் நான் குறை காணமாட்டேன். மேலும், வாய்க்காலாக இயங்குவதற்கு இப்போதுள்ள ஓடுபாதையே போதும் என்பதை முன்பே சொன்னேன். விமானம் நாள்தோறும், நல்ல நேரத்தில், சொன்னபடி வரட்டும். ஐந்தாண்டு நிறைந்து பறக்கட்டும். நீளத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

இடையில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சேலத்திலிருந்து பெங்களூர் வழியாக வேறிடம் போகும்போது இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிவிட்டால் இரண்டாம் கம்பெனி பொறுப்பேற்காது. எனக்கு நெருங்கிய குடும்பத்தில் ஒரு பெண் இவ்வாறு அகப்பட்டு, மஸ்கட் போக மீண்டும் முழுக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. ஒரே கம்பெனியில் ஒரே டிக்கெட்டாக வாங்கினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர் வரை தானே போய்ச் சேரும். மழைக்காலத்திலும் பனிக்காலத்துக் காலைகளிலும் இடையே நல்ல இடைவெளி விட்டுக்கொள்வது இன்னும் நன்று. பறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். அக்டோபர் இறுதியிலும் மார்ச்சு இறுதியிலும் அட்டவணை புதிதாகிறது. ஊருக்குப் போகும் நாளைக் குறிக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2024-இல் தந்தையாரின் திதிக்கு என் தம்பி வந்தான். ஒரு மாதத்துக்கு முன்பே ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தான். நான் பெங்களூரிலிருந்து முதல்நாளே ரயிலில் போய், கமலாபுரத்து வாயிலில் நின்றேன். சேர்வராயன் மலைக்கு மேற்கே அந்தச் சிறு விமானம் தாழ்ந்து வந்தது. கால் மணியில் பெட்டியோடு வெளியே வந்துவிட்டான். வீட்டுக்கு இருபது நிமிட வழி.

"அன்றைக்கு இது இருந்திருந்தால், அண்ணா" என்றான்.

"அன்றைக்கு நீ தேவனஹள்ளியில் இறங்கியது பிற்பகல் இரண்டு மணி. இருந்திருந்தாலும் இந்த விமானம் அதற்குள் போயிருக்கும்" என்றேன்.

இருவரும் காரில் ஏறினோம். தம்பியின் தாயார் வாசலில் காத்திருந்தார்.